பெட்ரோலைச் சுமந்து செல்லும் சாஸ்திரம்

ஹிமாசலப் பிரதேசத்தில், சந்திரா, பாகா என்னும் இரண்டு நதிகள் ஒன்றுகூடிச் செனாப் நதியாகப் பெருகி ஓடத் தொடங்கும் இடத்தில், தாந்தி என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. மணாலியிலிருந்து லடாக்கிலுள்ள லே நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் பிரயாணிகள் அங்குள்ள பெட்ரோல் பங்கில் நில்லாமல் போவதில்லை. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று அறிவிக்கும் பலகை ஒன்று நெடுங்காலமாக அங்கே நின்றுகொண்டிருக்கிறது. லே நகரத்துக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னதாகக் காரு என்னும் ஊரில் பெட்ரோல் கிடைக்குமாயினும், தாந்திக்கும் காருவுக்கும் இடையே கிடக்கும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சாமானியமான வழியன்று. சுமார் 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா, ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய லாச்சுங் லா, 5,328 மீட்டர் உயரமுள்ள தக்லாங் லா ஆகிய கணவாய்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கிச் செல்லும் அவ்வழியில் மரம் அரிது. மனித சஞ்சாரம் அதனினும் அரிது.

இத்தகைய வழியில் எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சுவது நியாயமே. ஆனால், அந்த அச்சத்தையே ஆலோசகனாகக் கொண்டு, கையில் அகப்பட்ட தண்ணீர்ப் புட்டிகளிலும் எண்ணெய்க் கேன்களிலும் அளவின்றிப் பெட்ரோலை நிரப்பி, வண்டியில் இடங்கண்ட பக்கமெல்லாம் கட்டிக்கொண்டு புறப்படுபவர், ஒரு சிறு சங்கடத்தைத் தவிர்க்கப் போய் உயிருக்கே உலை வைக்கக்கூடிய அபாயத்தைக் கூட அழைத்துச் செல்கிறார். பெட்ரோல் தீர்ந்தால் நேரக்கூடியது பெரும்பாலும் சில மணி நேரக் காத்திருப்புத்தான். பெட்ரோல் தீப்பற்றினால் நேர்வதோ திருத்த முடியாதது. ஆகையால், எவ்வளவு கொண்டு செல்வது, எதில் கொண்டு செல்வது, எங்கே கட்டுவது, எப்போது ஊற்றுவது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டே ஒருவர் தாந்தியைவிட்டு நகர வேண்டும். இந்த விடைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெட்ரோலின் சுபாவத்தை நன்கு அறிந்தவருக்கு ஒவ்வொரு விதியும் அந்தச் சுபாவத்திலிருந்தே புலனாகிவிடும்.

முதலில் அளவைக் கவனிப்போம். பதின்மூன்று லிட்டர் கொள்ளும் தொட்டியும், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடும் என்ஜினும் உடைய ஒரு வண்டி, கணக்கின்படி 390 கிலோமீட்டர் செல்ல வேண்டும். காருவை அடைய அது போதும். ஆனால், சமவெளியில் கண்ட கணக்கு மலையில் அப்படியே பலிப்பதில்லை. செங்குத்தான ஏற்றங்களில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்ல நேர்கிறது, பனி உருகிப் பாதையின் குறுக்கே ஓடும் நீரைக் கடக்க நேர்கிறது, எதிர்க்காற்று தள்ளுகிறது. இவற்றோடு, ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடுவதால், பழைய முறைப்படி கார்புரேட்டர் பொருத்திய என்ஜின், குறைந்துபோன காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமான பெட்ரோலை உறிஞ்சிப் புகையாக வீணாக்குகிறது. காற்றின் அழுத்தத்தை உணரும் கருவியுடன் எரிபொருளைப் பீய்ச்சும் இக்காலத்து என்ஜின்கள் இந்தக் குறையைப் பெரிதும் தாமே சரிசெய்துகொள்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஈடாக ஐந்து லிட்டரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால், அத்தகைய வண்டிக்கு அது தாராளமான காப்பு. அதற்குமேல் ஏற்றப்படும் ஒவ்வொரு லிட்டரும் பாரமாகவும் அபாயமாகவும் வளருமேயன்றிப் பாதுகாப்பாக வளராது.

இனி, அந்த ஐந்து லிட்டரின் சுபாவம் என்ன என்று பார்ப்போம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே காற்றுடன் கலந்து எரிகிறது. இவ்வுண்மை பெட்ரோலுக்கு மட்டும் உரியதன்று. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் காலத்தில் இளைஞர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய மைக்கேல் ஃபாரடே, சுடரின் இருண்ட நடுப்பகுதியில் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்து, அங்கிருந்த மெழுகின் ஆவியை வெளியே வரச்செய்து, குழாயின் மறுமுனையில் அதைக் கொளுத்திக் காட்டி, எரிவது ஆவிதான் என்பதைப் பிரத்தியட்சமாக விளக்கினார். மெழுகை ஆவியாக்குவதற்குச் சுடரின் உஷ்ணம் வேண்டும். பெட்ரோலுக்கோ அத்தகைய உதவி எதுவும் வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 43 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பற்றக்கூடிய அளவுக்கு அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெயில் அவ்வாறு ஆவி எழுவதற்கு 35 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் தேவை. பல தலைமுறைகளாக அடுப்பங்கரையில் மண்ணெண்ணெயுடன் பழகிய நாம், அதே சுவாதீனத்தைப் பெட்ரோலிடமும் காட்டத் துணிவது இந்த வித்தியாசத்தை உணராமையாலேயே ஆகும். மலையில் குளிர் மிகுதியாக இருப்பதால் பெட்ரோலினால் அபாயம் இல்லை என்று எண்ணுவதற்கும் இங்கே இடமில்லை.

காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைந்தாலும் தீப்பற்றாது, 7.6 பங்குக்கு மிகுந்தாலும் தீப்பற்றாது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட விகிதத்தில் கலந்திருக்கும்போதுதான் பற்றி எரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் உத்தேசமாக 200 லிட்டர் ஆவியாகும். இரண்டுபேர் படுக்கக்கூடிய சிறு கூடாரத்தின் கொள்ளளவை 3,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் 1.4 சதவீதமாவது 42 லிட்டர் ஆவி. ஒரு தம்ளர் பெட்ரோலே அதற்குப் போதும். அதற்குக் குறைவானதும் அபாயமற்றதன்று. ஏனெனில், இந்த ஆவி காற்றைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு கனமானதாகையால், எங்கும் ஒரே சீராகப் பரவாமல், பள்ளத்தை நாடிச் செல்லும் தண்ணீரைப்போலத் தரையோடு தரையாக வழிந்து தாழ்வான இடங்களில் தேங்குகிறது. பெட்ரோல் கேனைத் திறந்த இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி, கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஆவி அங்கே எரியும் ஸ்டவ்வைத் தொடுமானால், தீ அந்த ஆவியின் தடத்தைப் பற்றிக்கொண்டு கணப்பொழுதில் கேனுக்கே திரும்பி வந்துவிடும். ஆகவே, பெட்ரோல் கேனைக் கூடாரத்துக்குள் கொண்டு போகலாகாது. சமையல் நடக்கும் இடத்துக்கும் கேன் இருக்கும் இடத்துக்கும் நடுவே நல்ல தூரம் இருக்க வேண்டும்.

தீக்குச்சியையும் சிகரெட்டையும் விலக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியன்று. பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க விகிதத்தில் கலந்த கலவையைக் கொளுத்துவதற்கு ஒரு மில்லிஜூலில் கால்பங்கு சக்தியே போதும். செயற்கை இழைச் சட்டையைக் கழற்றிவிட்டு உலோகத்தைத் தொடும்போது விரல்நுனியில் சுரீரென்று பாயும் நிலைமின்சாரப் பொறியில் அதைப்போல் பல மடங்கு சக்தி இருக்கக்கூடும். ஈரப்பசை மிகுந்த கடற்கரைக் காற்றில் இந்த மின்சாரம் விரைவில் கரைந்துபோகும். லடாக்கின் வறண்ட காற்றிலோ, நைலான் மேலங்கியும் கையுறையும் அணிந்த பிரயாணியின் உடம்பில் அது எளிதில் சேர்ந்து நிலைத்துவிடும். போதாததற்கு, பெட்ரோல் குழாய் வழியே பாயும்போது தானாகவே மின்னேற்றம் பெறும் இயல்புடையது. இக்காரணம் பற்றியே, கேனை வண்டியின் மேலிருந்தபடியே நிரப்பாமல் கீழே இறக்கித் தரையில் வைத்து, பங்க் குழாயின் உலோக முனை கேனின் வாயை இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருக்குமாறு பிடித்து, நிதானமாக நிரப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அப்போது மின்னேற்றம் பொறியாகத் தாவாமல் அமைதியாகத் தரையில் இறங்கிவிடுகிறது. கேனின் மூடியைத் திறப்பதற்கு முன்னால், கேனிலிருந்து விலகி நின்று, வர்ணம் பூசாத ஏதேனும் ஓர் உலோகப் பகுதியை வெறுங்கையால் தொட்டுக்கொள்வதும் நல்ல பழக்கம்.

நிரப்பும்போது கேனின் கழுத்துவரை நிரப்பலாகாது. பெட்ரோலின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் அதன் பருமன் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு பெருகுகிறது. விடியற்காலையில் ஐந்து டிகிரி உஷ்ணத்தில் நிரப்பப்பட்ட ஐந்து லிட்டர், நடுப்பகலில் வெயிலும் என்ஜினின் அனலும் சேர்ந்து தாக்க நாற்பத்தைந்து டிகிரியை எட்டுமானால், ஏறக்குறைய 190 மில்லிலிட்டர் கூடிவிடும். அதற்கு இடமில்லாத பாத்திரம் மூடி வழியே கசிய வேண்டும், அல்லது பிளக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் காலியிடம் விடுவது இதற்காகத்தான்.

தாந்தியைவிட்டு மேலே ஏற ஏற, வேறொரு சக்தியும் வேலை செய்யத் தொடங்குகிறது. தாந்தி சுமார் 2,570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் உத்தேசமாக 74 கிலோபாஸ்கல். தக்லாங் லாவின் உச்சியில் அது ஏறக்குறைய 52 ஆகக் குறைந்துவிடுகிறது. கீழே இறுக மூடிய கேனுக்குள் இருக்கும் காற்று, கீழேயுள்ள அழுத்தத்தோடேயே மேலே வருகிறது, வெளியழுத்தமோ குறைந்துபோகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேனின் சுவர்களை வெளிநோக்கித் தள்ளுகிறது. இருபது சென்டிமீட்டர் அகலமும் இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் உடைய ஒரு பக்கத்தின்மேல் அந்தத் தள்ளுவிசை நூறு கிலோ எடைக்கு மேற்பட்டது என்று கணக்கிடலாம். இதற்குமேல், பெட்ரோலின் சொந்த ஆவியழுத்தமும் உண்டு. 38 டிகிரி உஷ்ணத்தில் அது 60 கிலோபாஸ்கலை எட்டக்கூடும். அதாவது, வெயிலில் அவ்வளவு சூடேறிய கேனைக் கணவாயின் உச்சியில் வைத்துத் திறந்தால், உள்ளேயிருக்கும் பெட்ரோல் கொதிக்கத் தொடங்கி, ஆவியும் திரவமுமாகப் பொங்கித் திறப்பவரின் முகத்திலும் கையிலும் சூடான என்ஜினிலும் தெறிக்கக்கூடும். எனவே, உயரத்தில் கேனைத் திறக்க நேர்ந்தால், அதை முதலில் நிழலில் ஆறவைத்து, நிமிர்த்தி வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைச் சிறுகச் சிறுகத் தளர்த்தி, ஆவி சீறி அடங்கிய பின்னரே முற்றிலும் திறக்க வேண்டும்.

இத்தனை சோதனைகளையும் தாங்கக்கூடிய பாத்திரம் எது? இக்கேள்விக்குச் சென்ற நூற்றாண்டில் யுத்தகளத்தில் விடை கிடைத்தது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் படைகள், நான்கு காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் பெட்ரோலைக் கொண்டு சென்றன. குலுங்கும் லாரிகளில் அந்த டின்கள் ஒட்டுவாய் விட்டுக் கசிந்தன. கிடங்கிலிருந்து புறப்பட்ட பெட்ரோலில் நூற்றுக்கு 30 பங்கு உபயோகிப்போர் கைக்கு வந்து சேராமலே வீணாயிற்று என்று படைத்தலைவர் ஆக்கின்லெக் மதிப்பிட்டார். எதிர்த்தரப்பில் ஜெர்மானியர்களிடம், வின்சென்ஸ் குரூன்ஃபோகல் என்னும் என்ஜினீயர் 1930களில் வகுத்த இருபது லிட்டர் எஃகுக் கேன் இருந்தது. கைப்பற்றிய கேன்களைப் பார்த்ததும் அதன் அருமையை உணர்ந்த நேச நாட்டினர் அதையே பார்த்துத் தாங்களும் செய்துகொண்டனர். இன்று உலகமெங்கும் ஜெரி கேன் என்று வழங்குவது அதுவே.

அதன் அமைப்பில் அலங்காரத்துக்காக எதுவும் இல்லை. அச்சில் அழுத்திய இரண்டு எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஒன்றாக்கியிருப்பதால், கசிவதற்கு இடந்தரும் மூட்டுக்கள் குறைவு. அகன்ற பக்கங்களில் காணும் குறுக்குப் பள்ளங்கள் தகட்டுக்கு வலிமை தருவதோடு, உள்ளழுத்தம் ஏறும்போது பக்கங்கள் சிறிது புடைத்துக்கொடுக்கவும் வழி செய்கின்றன. கைப்பிடிக்குக் கீழேயுள்ள மேடு காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதால், எவ்வளவு நிரப்பினாலும் திரவம் விரிவதற்கு ஓரிடம் எஞ்சியிருக்கிறது. அந்தக் காற்றறையிலிருந்து வாய்க்குச் செல்லும் சிறு குழல், ஊற்றும்போது காற்றை உள்ளே விடுவதால், பெட்ரோல் குபுக் குபுக்கென்று சிதறாமல் ஒழுங்காக விழுகிறது. நெம்புகோலால் அழுந்தி மூடும் மூடி, திருகாணி மூடியைப்போல் அதிர்ச்சியில் கழன்றுபோவதில்லை. பெட்ரோலின் சுபாவங்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாத்திரத்தில் ஒரு பதில் இருக்கிறது என்பதே அதன் பெருமை. அதே தத்துவத்தின்படி எஃகில் செய்த ஐந்து லிட்டர் கேன்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமானவை.

தண்ணீர்ப் புட்டியும் குளிர்பானப் புட்டியும் இதற்கு முற்றிலும் தகாதவை. வண்டி சரிந்தால் கல்லில் பட்டுக் கிழிவதற்கு அவற்றின் மெல்லிய சுவர் காத்திருக்கிறது. மூடியிலுள்ள அடைப்பு பெட்ரோலில் ஊறி இளகிப்போகக்கூடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாததால் மின்னேற்றம் இறங்க வழியில்லை. எல்லாவற்றையும்விடக் கொடியது, தாகத்தால் வாடிய ஒருவர் இருட்டில் அதைத் தண்ணீரென்று எண்ணி எடுத்துக் குடித்துவிடக்கூடும் என்பது. நம் நாட்டின் 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் ஒருவர் 30 லிட்டர் வரை பெட்ரோலை லைசென்ஸ் இன்றி வைத்திருக்க இடங்கொடுக்கிறது. ஆனால் அது இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டுமென்றும், கண்ணாடியும் பீங்கானுமானால் ஒரு லிட்டருக்கும் உலோகமானால் 25 லிட்டருக்கும் மேற்படலாகாதென்றும் வரையறுக்கிறது. உடையக்கூடிய பாத்திரத்துக்கு ஒரு லிட்டரும் உடையாத பாத்திரத்துக்கு இருபத்தைந்து லிட்டரும் என்று வகுத்த அந்த விகிதத்திலேயே சட்டம் இயற்றியவர்களின் விவேகம் தெரிகிறது.

கேனை வண்டியில் எங்கே கட்டுவது என்பதும் இவ்வாறே ஆராயத்தக்கது. ஐந்து லிட்டர் பெட்ரோலின் எடை மூன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேனின் எடை வேறு. இந்தப் பாரம் உயரத்திலும் பின்னுக்குத் தள்ளியும் இருந்தால், குறுகிய வளைவுகளில் வண்டியின் சமநிலையைக் கெடுக்கும். ஆகையால், பின் சக்கரத்தின் அச்சுக்கு முன்பாக, தாழ்வாக, மறுபக்கத்திலுள்ள சாமான்களுக்கு ஈடாக அமையும்படி, லடாக் கேரியர் என்று பிரயாணிகள் வழங்கும் எஃகுச் சட்டத்தில் அதைப் பொருத்துவது நலம். சைலன்சர் இருக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். பொறி எதுவும் இல்லாமலே பெட்ரோல் ஆவி தானாகப் பற்றுவதற்குச் சுமார் 280 டிகிரி உஷ்ணம் போதும். என்ஜினிலிருந்து புறப்படும் புகைக்குழாயின் மேற்பகுதி அதற்கு மேலும் சூடேறக்கூடும். வண்டி சாயும்போது முதலில் தரையில் மோதுவது லெக் கார்டு ஆகையால் அதில் கட்டுவதும் தவறு. முதுகுப்பையில் வைத்துச் சுமப்பதோ எந்த நிலையிலும் கூடாது. கேனுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் தகடு வைக்காவிட்டால், நாள் முழுதும் அதிரும் வண்டியில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தேய்ந்து, பொத்தல் விழவும் கூடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கட்டுக்களையும் மூடியையும் கையால் தொட்டுப் பார்ப்பதும், வாசனை வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் அங்கேயே நின்று காரணத்தைத் தேடுவதும் அவசியமாகும்.

இனி எஞ்சியுள்ளது, எப்போது ஊற்றுவது என்னும் கேள்வி; நான்கில் இதுவே முக்கியமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பெரும்பாலோர் கேனிலுள்ள பெட்ரோலைக் கடைசிவரை பத்திரப்படுத்தி, தொட்டி வறண்டு வண்டி நின்ற பிறகே அதைத் திறக்கிறார்கள். அந்த நேரம் அந்திப்பொழுதாக இருக்கலாம், காற்று பலமாக வீசலாம், களைப்பும் பிராணவாயுக் குறைவும் கையை நடுங்கச் செய்யலாம், என்ஜினோ சூடாயிருக்கும். இதற்கு மாறாக, தாந்தியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் சென்றதும் தொட்டியில் ஐந்து லிட்டருக்கு இடம் உண்டாகிவிடுகிறது. வழியிலுள்ள சர்ச்சு என்னும் இடத்தைக் கடந்தபின், பகல் வெளிச்சத்தில், சமமான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து, புனல் வைத்து ஊற்றிவிட்டால், பாக்கி வழி முழுவதும் காலிக் கேனோடுதான் பிரயாணம். மோட்டார் சைக்கிளின் தொட்டி பெரும்பாலும் எஃகால் ஆனது. சட்டத்தோடு இறுகப் பிணைந்தது. காற்றோட்டத் துவாரம் உடையது. எரிபொருளைச் சுமப்பதற்கென்றே என்ஜினீயர்கள் ஆராய்ந்து அமைத்தது. அதைவிட நல்ல இடம் அந்த வண்டியில் வேறெதுவும் இல்லை. பெட்ரோல் கேனில் தங்கும் காலத்தை எவ்வளவுக்கு எவ்வளவு குறைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அபாயமும் குறைகிறது.

ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்குப் பெட்ரோல் மாற்ற நேர்ந்தால், ரப்பர் குழாயை வைத்து வாயால் உறிஞ்சும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். சிறிதளவு சுவாசப்பையில் இறங்கினாலும் அங்கே கடுமையான அழற்சியை உண்டாக்க வல்லது. கையால் அழுத்தும் சிறு பம்பு இதற்குப் போதும். எவரேனும் தவறிப் பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மேலேறி வரும் பெட்ரோல் சுவாசப்பைக்குள் புகுவதற்கு அதுவே வழியாகும். காலியான கேனிலும் கவனம் வேண்டும். நிறைந்த கேனுக்குள் ஆவி மிகுந்து காற்று குறைந்திருப்பதால் சாதாரண உஷ்ணத்தில் அது உள்ளே தீப்பற்றுவது அரிது. காலியான கேனிலோ காற்றுப் புகுந்து, எஞ்சிய ஆவியுடன் பற்றக்கூடிய விகிதத்திலேயே கலந்திருக்கக்கூடும். ஆகவே அதையும் மூடியிட்டு, நிறைந்த கேனைப்போலவே தீயிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் மீறித் தீ மூண்டுவிட்டால், பெட்ரோல் தண்ணீரில் மிதப்பது என்பதை மறக்கலாகாது. தண்ணீரை ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். மண்ணை வாரிப் போட்டோ உலர்தூள் தீயணைப்பானைக் கொண்டோ சிறு தீயை அடக்க முயலலாம். பெருந்தீயானால் வண்டியை விட்டுவிட்டு மனிதர்கள் விலகிவிடுவதே முறை.

இந்த விதிகள் யாவும் எரிவது ஆவியே என்னும் ஒரே உண்மையிலிருந்து கிளைத்தவை. ஆவி குறைவாக எழும்படியும், எழுந்த ஆவி வெளியே கசியாதபடியும், கசிந்த ஆவி பொறியைச் சந்திக்காதபடியும் பார்த்துக்கொள்வதே சாஸ்திரம் முழுவதும். நால்வர் சேர்ந்து செல்லும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே அஞ்சி ஐந்தைந்து லிட்டர் சுமக்க வேண்டியதில்லை. அவர்கள் சேர்ந்து கணக்கிட்டு, மைலேஜ் குறைந்த வண்டிக்கு எவ்வளவு போதாமலிருக்கும் என்று கண்டு, அதற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டால், ஒன்றிரண்டு கேன்களில் காரியம் முடிந்துவிடும். அச்சத்தினால் மிகுதியாகச் சுமப்பதைக் காட்டிலும், கணக்கினால் குறைவாகச் சுமப்பதே நெடுவழிப் பிரயாணிக்கு மெய்யான பாதுகாப்பு.